கார்பன் வெளிச்சம்

திரை மஞ்சளாகி, பழுப்பாகி, கதாநாயகியின் முகம் கரி பூசியதுபோல மங்கியது. டூரிங் கொட்டகையின் மணல் தரையிலிருந்து விசில் கிளம்பியது.

“யோவ் ஆபரேட்டரு, தூங்கிக்கினு கீறியா? காசு குட்த்துட்டு இருட்டப் பாக்கவா வந்தோம்?”

மெஷின் அறையில் தாமோதரன் திடுக்கிட்டுத் திருகைத் திருப்பினான். விளக்குப் பெட்டிக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் முனைக்கு முனை எரியும். எரிய எரியத் தேயும். தேயத் தேயக் கிட்டே தள்ளவேண்டும். இல்லாவிட்டால் திரை இருண்டுவிடும். இத்தனை வருஷம் கை தானாகச் செய்த வேலை அது. இன்று கை மறந்துபோனது.

மேனேஜர் ஜானகிராமன் கதவுக்கு வெளியிலிருந்தே கத்தினார். ரீல் ஓடும்போது யாரும் உள்ளே வரக்கூடாது. தீக்குப் பயந்து போட்ட சட்டம்.

“இன்னொரு வாட்டி இருட்டாச்சின்னா ஜனம் கீத்தப் பிச்சிடும்பா. பொண்ணு ஆஸ்பத்திரில கீதுன்னு தெரியும். வேற ஆளு கெடச்சிருந்தா உன்ன அனுப்பியிருக்க மாட்டனா?”

மகள் அம்முலுவுக்குக் காஞ்சிபுரத்தில் குடல்வால் ஆபரேஷன். மத்தியானம் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், மனைவி சாரதாவை அங்கேயே விட்டுவிட்டு அவன் உத்திரமேரூர் பஸ் ஏறிவிட்டான். சேதியோடு மச்சான் வேதகிரி கடைசி பஸ்ஸில் வரவேண்டும்.

“என் செருப்ப பத்ரமா வெச்சிக்க நைனா” என்றிருந்தாள் அம்முலு. பத்திரமாகத் தன் பையில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டான். பையிலிருந்து சரிந்து மூலையில் கிடந்தன இரண்டும். கட்டிலைவிட்டு இறங்கினால் எதைப் போட்டுக்கொள்வாள்? இறங்குவாளா? மயக்க மருந்தில் எழுந்திருக்காமலே போன பிள்ளையைப் பற்றிப் பக்கத்துக் கட்டில்காரி சொன்னது நெஞ்சில் முள்ளாக நின்றது. வேதகிரி தலையைக் குனிந்துகொண்டு வருவதுபோலவே கண்ணில் ஆடியது.

சுடர் கோணியது. திருகினான்.

விளக்குப் பெட்டியில் பதித்த கறுப்புக் கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனான். இரண்டு முனைகள். நடுவில் வெள்ளைச் சுடர். அதையே பார்த்தான். இம்மி விலகியது, திருகினான். ‘பஸ் வந்திருக்குமா?’ என்றது மனம். அதற்குள் மறுபடி விலகியது, திருகினான். கன்னத்தில் வெக்கை. மூக்கில் கார்பன் நெடி. மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தோள்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, அவை தளர்ந்தபோதுதான் தெரிந்தது. பெருமூச்சு ஒன்று தானாக இறங்கியது. ஆஸ்பத்திரி அதன் இடத்தில் இருந்தது. இங்கே சுடர் இருந்தது. திருகினான்.

ரீல் முடியும் தறுவாயில் சுவர் ஓட்டை வழியே வெளியே பார்த்தான். நடுத்தூணில் சாய்ந்து ஒரு சிவப்புத் துண்டு தலைப்பாகை. வேதகிரியின் துண்டு. எப்போது வந்தான்? ஏன் சேதி சொல்லவில்லை?

தாமோதரனின் கை திருகைவிட்டு நழுவியது. திரை மஞ்சளானது. கொட்டகை மொத்தமும் திரும்பி ஓட்டையைப் பார்த்துக் கத்தியது. வேதகிரியும் திரும்பினான். வாயில் முறுக்கு.

“யோவ் மாமா! கண்ணு முயிச்ச கொயந்த செருப்பு எங்கன்னு ஊரக் கூட்டுது. நீ இன்னா இங்க தூங்கிக்கினு கீற?”

மணலில் ஒரே சிரிப்பு. யாரோ மறுபடி விசிலடித்தார்கள்.

தாமோதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருகைத் திருப்பினான். திரை வெளுத்தது. விளக்குப் பெட்டியின் இடுக்கு வழியே கசிந்த வெளிச்சத்தில், மூலையில், வார் பிய்ந்து ஊக்கு குத்திய சின்னச் செருப்புகள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.