சிவப்புத் தாளுக்கு ஒரு போர்வை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துக்கு விளக்குக் கட்டுவது எங்கள் குடும்பத்து உரிமை. ஈசன் நெற்றிக்கண் திறந்து காமனை எரிக்கும்போது சிவப்பு ஒளி விழவேண்டும். கட்டிய விளக்கைக் காமன் எரியும்வரை இறக்கக்கூடாது. அதனால் அதன் சிவப்புத் தாள் வெயிலில் வெளுக்காதிருக்க, தினமும் என் வெள்ளை வேட்டியைப் போர்த்தினேன். ஆனாலும் தாள் வெளுத்தது.

இன்று மத்தியானம் போய்ப் பார்த்தால், என் மனைவி சண்முகவடிவு வேட்டியை உருவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம மானத்த நீயே வாங்குறியா?"

"காமன் எரியிறதுக்கு முந்தி வெள்ளை போத்துனா, ரதிக்கு இப்பவே தாலியறுத்த மாதிரி இல்லீங்களா? லயத்து வீட்டுச் சனமெல்லாம் பேசுது."

வெளுத்தால் அவமானம், மூடினால் அபசகுனம்.

அவள் தாய்வீட்டுச் சீராக வந்த தன் சிவப்புச் சேலையைக் கொண்டுவந்து போர்த்தினாள்.

"இது வெளுக்குமே."

"வெளுக்கட்டுங்க. தாளு ஒங்க வீட்டுது, சேலை எங்கப்பா வீட்டுது."

சேலை நுனியை நான்தான் முடிந்தேன். எந்த வீட்டு மானத்தை முடிகிறேன் என்றுதான் விளங்கவில்லை.