ஒருவர் இறங்கினால் இருவரும்

பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு டெல் பிரான்னக் இறங்கிப் போனார். அவசரம் என்பது நடையிலேயே தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டிப் பாறையோடு மல்லுக்கு நின்ற உடம்பு, இப்போது ஒரு கையால் தொப்பியை அழுத்திக்கொண்டு முழங்கால்களை ஒட்டவைத்தபடி கழிப்பறைப் பக்கம் போனது. வெர்னா ஸ்டக்கி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்டோபர் வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. பின்சீட்டில் வைத்திருந்த, தபால் ஓட்டு உறைகள் அடங்கிய பை மலைத் திருப்பத்தில் சரிந்து, பாதி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி எட்டி, அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். எதிர்ப்புறம் டயர் கடை வாசலில் நின்ற வண்டியிலிருந்து யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அரிசோனாவின் அந்த மேட்டு நிலத்து மாவட்டத்தில் தபால் ஓட்டுக்கான இரும்புப் பெட்டிகள் ஊருக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. நூலக வாசலில் ஒன்று, தீயணைப்பு நிலையத்தில் ஒன்று, தீவனக் கடை பக்கத்தில் ஒன்று என்று. தேர்தல் நெருங்கும் வாரங்களில் தினமும் மதியம் அவற்றைத் திறந்து உறைகளை எடுத்து வருவதற்கு இரண்டு பேர் போவார்கள். எதிரெதிர்க் கட்சிகளிலிருந்து ஆளுக்கு ஒருவர். ஒருவர் திறக்க மற்றவர் பார்க்க, பையைப் பூட்டி முத்திரை மாட்டி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பை எந்த நேரத்திலும் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. வழியில் ஒருவர் இறங்கினால் இருவரும் இறங்க வேண்டும், பையையும் தூக்கிக்கொண்டு.

பல தேர்தல்களாக அந்த வேலையை டெல்லும் வெர்னாவின் கணவன் கஸ்ஸும்தான் செய்து வந்தார்கள். வண்டி கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை இருவருக்கும் சண்டைதான். “யோவ் டெல், உங்காளு மட்டும் ஜெயிச்சா இந்த ரோட்டுலயே உருண்டு வீட்டுக்குப் போறேன்யா” என்பான் கஸ். “நீ உருண்டா ரோடுதான்யா பாவம். அதைப் போட்டது எங்க வரிப்பணம்” என்பார் டெல். வரி, துப்பாக்கி, எல்லை, தண்ணீர் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். ஒரு முறை வாக்குவாதம் முற்றி டெல் வண்டியை நடு வழியில் நிறுத்தி இறங்க, விதிப்படி கஸ்ஸும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்க, இருவரும் வெயிலில் சாலையோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்களாம். பிறகு யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கு முதலில் வந்தது என்பதிலும் சண்டை. கழிப்பறைக்குப் போனாலும் பையோடு இருவரும்தான். கடைப் பெண்கள் “கல்யாணப் பொண்ணு மாப்ள வந்துட்டாங்க” என்று கேலி பண்ணுவார்கள்.

போன ஏப்ரலில் கஸ் போய்விட்டான். தோட்டத்துக் குழாயை மூடப் போனவன் திரும்பி வரவில்லை. சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் டெல்லும் ஒருவர். கஸ்ஸின் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று தேர்தல் அலுவலகத்திலிருந்து இனெஸ் பாக்கா கூப்பிட்டபோது, வெர்னா யோசிக்காமல் ஒப்புக்கொண்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவளுக்கு அந்தச் சாலைகள் அத்துப்படி. காரணம் அதுவல்ல என்பது அவளுக்கே தெரியும். கஸ் உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து, அவன் கேட்ட பேச்சைக் கொஞ்சம் கேட்கலாம் என்று நினைத்தாள்.

ஆனால் டெல் அவளிடம் அரசியல் பேசவே இல்லை. கதவைத் திறந்துவிட்டார். வெயில் அதிகமா என்று கேட்டார். அவருடைய கட்சிப் பலகைகள் வேலிதோறும் நின்ற சாலையில், மேகத்தைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் பேசினார். மரியாதையான மனிதர் என்று ஊரே சொல்லும். அந்த மரியாதை, துக்க வீட்டில் ஊற்றிக் கொடுத்த காபி ஆறிப்போனதைப் போல அவளுக்கு இருந்தது.

அவருக்கு உடம்பு சரியில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆண்களுக்கு வரும் அந்தப் புற்றுக்குக் கோடையில் அறுவை செய்துகொண்டவர், ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீரை அடக்க முடியாமல் திடீரென்று வண்டியை நிறுத்துவார். முதல் நாள் விதிப்படி வெர்னாவும் பையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கழிப்பறை வாசலில் போய் நின்றாள். லாரிக்காரர்கள் பார்த்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்த டெல்லின் கால்சட்டையில் ஈரம் இருந்தது. அன்று மீதி வழி முழுக்க அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அதே இடத்தில் வண்டி நின்றதும் அவளே சொன்னாள்: “நீங்க போய்ட்டு வாங்க டெல். நான் இங்கயே இருக்கேன்.” அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கினார். அதன் பிறகு அதுவே பழக்கமாயிற்று.

பெட்ரோல் பங்கில் எடுத்த காணொளி அன்று சாயங்காலமே மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. தனியாக வண்டிக்குள் ஒரு கிழவி, பின்சீட்டுப் பக்கம் குனிகிறாள், கை எதையோ செய்கிறது. அந்தக் கையைச் சுற்றி சிவப்பு வட்டம். எடுத்தவன் ரஸ்டி ப்ரூயிட். டயர் கடைக்காரன். ஓட்டுத் திருட்டைத் தடுக்கிறேன் என்று ஒரு வாரமாக நூலகப் பெட்டிக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு, மடியில் துப்பாக்கியோடு காவல் இருப்பவன். அவளுடைய பேருந்தின் முன்வரிசையில் உட்கார்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் வாந்தி எடுத்த பையன். அவனை நாற்காலியில் முதன்முதலில் பார்த்த அன்று, “இப்பவும் தலை சுத்துதாப்பா?” என்று கேட்டாள். “இல்லைங்க மிஸஸ் ஸ்டக்கி. நான்தான் உங்களப் பாத்துக்கிட்டிருக்கேன் இப்ப” என்றான், சிரிக்காமல்.

காணொளிக்குக் கீழே வந்த பேச்சுகளை அவள் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்தாள். ‘புருஷன் செத்துட்டாரே, அவர் ஓட்டும் அந்தப் பையிலதான் இருக்கா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு முன்னூற்றுச் சொச்சம் பேர் சிரித்திருந்தார்கள். பாதிப் பெயர்கள் தெரிந்த பெயர்கள். அடக்கத்தன்று வேகவைத்த பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்குச் சாலடும் கொண்டுவந்து கொடுத்த பெயர்கள். காலையில் கேட்டுக்கு வெளியே, அவள் வீட்டைப் பார்த்தபடி ஒரு காலி மடக்கு நாற்காலி போட்டிருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்தாள். மறுநாள் அது பழைய இடத்திலேயே இருந்தது.

இனெஸ் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். “முத்திரை உடையல. நம்பர் சரியா இருக்கு. எனக்குச் சந்தேகமே இல்லை வெர்னா. ஆனா அவர் ஏன் இறங்கினாருன்னு கேக்கறாங்க. நாளைக்கு மாவட்ட அவையில டெல் எந்திரிச்சு, நான்தான் இறங்கினேன், இதுக்குத்தான் இறங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சது. அவங்க கட்சிக்காரரே சொன்னா அடங்கிடுவாங்க. இல்லேன்னா அந்தப் பைய எண்ணாம தனியா வைக்கணும். புகார் ஷெரீஃபுக்குப் போகும். உங்க பேர்ல.”

“அவர் சொல்லுவார்” என்றாள் வெர்னா.

தொலைபேசியில் டெல்லின் குரல் எப்போதும்போல் இருந்தது. “நான் வர்றேன். நீங்க கவலைப்படாதீங்க. தூங்குங்க நல்லா.” ஏன் இறங்கினேன் என்பதை எப்படிச் சொல்லப்போகிறார் என்று கேட்க நினைத்தாள். வாய் வரை வந்தது. கஸ்ஸாக இருந்தால் ‘யோவ், உன் மூத்திரக் கதைய நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா’ என்று கேட்டிருப்பான். அவளுக்கு அந்தப் பேச்சு வரவில்லை. “சரிங்க” என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவைக் கூட்டத்தில் நாற்காலிகள் பறந்து ஒரு அம்மாளின் நெற்றி கிழிந்தது. அதிலிருந்து தலைவர் ஹாலிஸ் ஒரு விதி வைத்திருந்தார். பேசுபவர் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், எதிராளியை அல்ல. கைதட்டல், கூச்சல், சீட்டி எதுவும் கூடாது. பேச்சு பிடித்திருந்தால் கையை உயர்த்தலாம், அவ்வளவுதான். கூட்டங்கள் அமைதியாகிவிட்டன என்று பத்திரிகைகள் பாராட்டின. அன்று மாலை அரங்கம் நிரம்பிச் சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். வெர்னா நுழைந்தபோது வழிவிட்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண் “இங்க உக்காருங்க” என்று எழுந்து இடம் கொடுத்தாள். அந்த அமைதியில் அவள் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பேருந்தில் பிள்ளைகள் திடீரென்று சத்தம் போடாமல் போனால் கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பழைய பாடம்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், மேசைமேல் பச்சை விளக்கு. விதியை மீறியது தப்புத்தான் என்றாள். பை சரிந்தது, நிமிர்த்தினேன் என்றாள்.

“அவர் ஏன் இறங்கினாருன்னு சொல்ல முடியுமா?” தலைவர் மென்மையாகத்தான் கேட்டார்.

முன்வரிசையில் டெல் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ரஸ்டி. பின்னால் அவருடைய தேவாலயத்துக்காரர்கள். சொல்லிவிடலாம். இரண்டே சொல். நாளைக்கு டயர் கடையில், தீவனக் கடையில், தேவாலயப் படியில் அந்த இரண்டு சொல்லும் சிரித்துக்கொண்டு அலையும். டெல் தலையைக் குனிந்து தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் கஸ்ஸின் சவப்பெட்டியைத் தூக்கியவை.

“அதை அவரே சொல்றதுதான் முறை” என்று சொல்லிவிட்டு வெர்னா உட்கார்ந்தாள்.

டெல் எழுந்தார். தலைவருக்கு நன்றி சொன்னார். அவைக்கு நன்றி சொன்னார். “மிஸஸ் ஸ்டக்கி நல்ல பொம்பள. அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அவங்க வீட்டுக்காரர் என் சிநேகிதர். அவங்களப் பத்தி யாரும் தரக்குறைவாப் பேச வேணாம்னு கேட்டுக்கறேன்.” நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். அரங்கமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. “ஆனா அந்த நேரத்துல நான் வண்டியில இல்லை. நான் பாக்காததைப் பாத்தேன்னு என்னால சொல்ல முடியாது. அவ்வளவுதாங்க.”

உட்கார்ந்துவிட்டார். விளக்கு இன்னும் பச்சையாகத்தான் எரிந்தது.

பிறகு கைகள் உயர்ந்தன. முன்வரிசையில் ஒன்றிரண்டு, அப்புறம் நடுவில், அப்புறம் சுவரோரம். ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி நகரும் ஓசைகூட இல்லை. இடம் கொடுத்த அந்தப் பெண்ணின் கையும் வெர்னாவின் தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில் உயர்ந்து நின்றது. அதன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் ஓடுவது அவளுக்குக் கேட்டது. யாராவது கத்த மாட்டார்களா என்று நினைத்தாள். ஒரு கெட்ட வார்த்தையாவது வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கலாம்.

பை தனியாக வைக்கப்படும் என்றும், விசாரணை முடியும் வரை மிஸஸ் ஸ்டக்கி பணிக்கு வர வேண்டாம் என்றும் ஹாலிஸ் படித்தார். ஒத்துழைத்ததற்காக அவளுக்கு நன்றி சொன்னார்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. டெல் அவளுடைய வண்டி வரைக்கும் வந்தார்.

“நான் பொய் சொல்லலையே வெர்னா.”

“இல்ல. நீங்க ஒண்ணுமே சொல்லல.”

“எனக்கு இங்கதான் இருந்தாகணும். இவங்களோடதான். உங்களுக்குப் புரியும்.”

“ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம் டெல் என்கிட்ட, இத்தன நாள்ல” என்றாள். அவர் புரியாமல் பார்த்தார். பிறகு, “வீடு வரைக்கும் என் வண்டியில பின்னாடியே வரட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்.”

அவர் போன பிறகு ரஸ்டி வந்தான். திறந்திருந்த அவளுடைய கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் ஏறி உட்காரும் வரை காத்திருந்தான். “பாத்து ஓட்டுங்க மிஸஸ் ஸ்டக்கி. ராத்திரி அந்த ரோட்ல மான் குறுக்க வரும்.” கதவை மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினான்.

ஊர் விளக்குகள் முடிந்து, சாலை ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே ஏறத் தொடங்கும் இடத்தில் கண்ணாடியில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. உயரத்தைப் பார்த்தால் பிக்கப் வண்டி. டெல்லிடமும் பிக்கப்தான். ரஸ்டியிடமும் அதுதான். அந்த மாவட்டத்தில் யாரிடம்தான் இல்லை. வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல் வருகிற ஆள்தான் டெல், கஸ் அப்படித்தான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு பாதி தூரம்தான் தாங்கியது. அவள் வேகத்தைக் குறைத்தாள். விளக்குகளும் குறைத்தன. கூட்டினாள். அவையும் கூட்டின. முந்திப் போக இடம் இருந்த நேர்ச் சாலையில் ஓரம் கட்டி வழி கொடுத்தாள். அது முந்தவில்லை.

அவளுடைய வீட்டுத் திருப்பம் வந்தது. சமையலறை விளக்கை அணைக்காமல் வந்திருந்தாள், ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. கை தானாகவே சிக்னலுக்குப் போய் நின்றது. பிறகு அதைப் போடாமல் நேராக ஓட்டினாள். ஜன்னல் பக்கவாட்டில் நகர்ந்து, சின்னதாகி, மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. முன்னால் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. பின்னால் அந்த இரண்டு விளக்குகளும் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. முன்னால் போகும் வண்டிக்கு ஒரு நல்ல ஓட்டுநர் விட வேண்டிய இடைவெளியை, மரியாதையாக, அப்படியே விட்டுக்கொண்டு வந்தன.