ரவ்னா வீட்டுத் திருப்பம்

அந்தக் குளிர்காலத்தில், பல வார இருட்டுக்குப் பின் சூரியன் மறுபடி தலைகாட்டிய வாரத்தில், ஃபின்லாந்து எல்லையோரத்தில் இருக்கும் எங்களூர் சார்வயாவ்ரியில் ஓடிய ஸ்கூட்டர்கள் எல்லாம், யார் ஓட்டினாலும் எந்த வேலைக்குக் கிளம்பினாலும், ஏரிக்கரை பிர்ச் மரங்களைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பி ரவ்னாவின் வீட்டு வாசலில் போய் நின்றன. பெட்ரோல் விலை ஏறியதும் அதே வாரம்தான் என்பதால் ஊரில் முதலில் பேசப்பட்டது பெட்ரோலைப் பற்றித்தான். எங்களூரில் ஸ்கூட்டர் என்றால் பனியில் ஓடுவது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை. அப்படி முதலில் போய் நின்றவர் ஜெபக்கூடத்தில் பிரசங்கம் செய்யும் ஆந்தரஸ். அவர் கைப்பிடியை வலப்பக்கம் முழுக்க ஒடித்துப் பிடித்திருந்தும் வண்டி இடப்பக்கமே போனது. வாசலில் இன்ஜின் தானாக அணைந்தது. ரவ்னா கதவைத் திறந்தாள். ஒரு வருஷமாக அந்தக் கதவை யாரும் தட்டவில்லை, அவரும் தட்டியிருக்கவில்லை. ஆந்தரஸ் தொப்பியைக் கழற்றினார். பிறகு அவள், “உள்ள வாங்க, காபி இருக்கு” என்றாள். ஆந்தரஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, காபியில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு ஊறவிட்டுத் தின்று, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தார். ஸ்கூட்டர் உடனே கிளம்பி ஜெபக்கூடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அன்று ஜெபம் தாமதமாகத்தான் தொடங்கியது.

மறுநாள் கடைக்காரி குன்வோர் வந்து நின்றாள், அதற்கடுத்த நாள் தபால்காரர். இறைச்சி வாங்க எல்லை தாண்டி வந்த ஃபின்லாந்து வியாபாரி, ரவ்னா என்று ஒருத்தி இருப்பதே தெரியாதவர், அவரும் வந்து நின்று இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார். வாரக் கடைசியில் அவள் வாசலில் ஸ்கூட்டர்கள் பட்டியில் அடைத்த கலைமான்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வந்தவர்கள் வெறுங்கையோடு உட்காரக் கூசினார்கள். அடுத்த முறை ஒருவர் விறகு கொண்டுவந்தார், ஒருவர் உலர்ந்த இறைச்சி, ஒருவர் கூரையிலிருந்த பனியைத் தள்ளிக் கொடுத்தார். ஆனால் யாரும் எதற்காக வந்தோம் என்று சொல்லவில்லை. வண்டி இழுக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

வண்டி இழுத்தால் போகவேண்டிய இடம் இஸ்ஸாத்தின் பட்டறை. முன்னால் போன வண்டியின் தடம் இறுகிவிட்டால் பின்னால் வரும் வண்டியின் பலகைகள் அந்தப் பள்ளத்தில் விழுந்துகொள்ளும். ஓட்டுகிறவன் ஒரு பக்கம் திருப்ப, வண்டி இன்னொரு பக்கம் வெட்டிக்கொண்டு ஓடும். இது எல்லா ஸ்கூட்டருக்கும் உள்ள வியாதி, வைத்தியமும் உண்டு. அந்த வைத்தியத்தில் இஸ்ஸாத்தை மிஞ்ச ஆள் இல்லை என்று பக்கத்து ஊர்களிலும் சொல்வார்கள். முதலில் வந்தவன் பியேரா, கலைமான் மேய்ப்பவன்.

“இஸ்ஸாத்து, என் வண்டி ரவ்னா வீட்டுக்குப் போகுது.”

“நீ திருப்பாம அது எப்படிப் போகும்?”

“நான் எங்கய்யா திருப்பறேன்? நான் மானைப் பாக்கப் போறேன், வண்டி காபி குடிக்கப் போகுது. நேத்து காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அவ ஊத்தி ஊத்திக் குடுத்து என் வயிறே கெட்டுப்போச்சு. சீக்கிரம் ஏதாவது பண்ணு.”

இஸ்ஸாத் சிரிக்கவில்லை. கைப்பிடியை நேராக வைத்துக் கட்டினான். இரண்டு பலகைகளின் முனைகளையும் ரப்பர் வாரால் சேர்த்து இழுத்து ஆட்டத்தை எடுத்தான். முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்து, முன்பக்கம் ஒரு மயிரளவு அகலமாக இருக்கும்படி இணைப்புக் கம்பிகளைத் திருகிப் பூட்டினான். பலகைகளுக்கு அடியில் பனியைப் பற்றிக்கொள்ள இருக்கும், தேய்ந்துபோன அடிக்கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போட்டான். பலகைக்கு மேலே உள்ள ரப்பர் கட்டைக்கு அடியில் மெல்லிய ஆப்பு வைத்தான். முன் ஸ்பிரிங்கைத் தளர்த்தி எடையைப் பின்னால் தள்ளினான். ஏரிப் பனியில் ஓட்டிப் பார்த்தபோது, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த பழைய தடங்கள் எதிலும் சிக்காமல் வண்டி நேராக ஓடியது. பியேரா சந்தோஷமாக ஏறிப் போனான். பிர்ச் மரங்களைத் தாண்டியதும் வண்டி இடப்பக்கம் திரும்பியது. அந்த மாதம் முழுக்க ஊரில் இருந்த எல்லா ஸ்கூட்டர்களுக்கும் இதே வேலையை இஸ்ஸாத் செய்தான். எல்லாம் முன்பைவிட நன்றாக ஓடின. எல்லாம் அந்த ஒரு இடத்தில் மட்டும் திரும்பின.

ரவ்னாவின் புருஷன் ஹெய்க்கா அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஏரியில் மூழ்கிப் போய்விட்டான். அவன் இஸ்ஸாத்தின் பெரியப்பா மகன். ஏரி இடுங்கும் இடத்தில் நீரோட்டம் இருப்பதால் பனிக்கட்டி எப்போதும் மெல்லிசு. குச்சி நட்ட பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகும். வலை பார்க்கப் போன யாரோ ஒருவர் அந்தப் பாதையிலிருந்து விலகித் தண்ணீர்ப் பக்கம் போய்த் திரும்பியிருந்தார், அந்தத் தடம் இறுகிக் கிடந்தது. ஹெய்க்காவின் ஸ்கூட்டர் அதில் விழுந்து, வளையாமல், தயங்காமல், திறந்த தண்ணீர்வரை போயிருந்தது. ஆளை நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. ஸ்கூட்டரும் பையும்தான் கிடைத்தன. பைக்குள் ஒரு பிராந்தி பாட்டில் இருந்தது, பாதி காலியாக. தடத்தையும் பாட்டிலையும் பார்த்த போலீஸ்காரர் மூக்கைச் சொறிந்தார். ஆந்தரஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை யார் பெயரையும் சொல்லாமல் குடியைப் பற்றிப் பேசினார். எங்களூரில் குடிகாரன் என்பது சாவோடு முடிகிற பெயர் அல்ல. ரவ்னாவை யாரும் திட்டவில்லை, யாரும் ஒதுக்கி வைக்கவும் இல்லை. போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டில் இஸ்ஸாத்தின் பட்டறை அலமாரியிலிருந்து போனது. உள்ளே இருந்தது பெட்ரோல் குழாயில் ஐஸ் கட்டினால் ஊற்றுகிற ஸ்பிரிட், பாதி பட்டறையிலேயே செலவாகியிருந்தது. ஹெய்க்கா முந்தின நாள் வண்டியைக் கொண்டுவந்து விட்டு, ரொம்ப இழுக்கிறது, தடத்தில் விழுந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இஸ்ஸாத்திடம் அப்போது ஈஸ்டர் பந்தயத்துக்கு ஓடவேண்டிய வண்டி ஒன்று பிரித்துப்போட்டுக் கிடந்தது. காலையில் ஹெய்க்கா வாசலில் வந்து நின்றபோது இஸ்ஸாத் அவன் வண்டியைத் தொட்டிருக்கவே இல்லை.

“முடிஞ்சுதா தம்பி?”

“முடிஞ்சது அண்ணே. இனி நூல் பிடிச்ச மாதிரி போகும்.”

பலகைகளில் ஒட்டியிருந்த பனியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, சொன்ன பொய்க்கு மேல் ஏதாவது கொடுக்கவேண்டும்போலத் தோன்றியதால், அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தான். சாயங்காலம் வந்து இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான். சாயங்காலம் இல்லாமல் போனது. ஏரிக்கரையில் ஊரே கூடி நின்று பாட்டிலைப் பார்த்தபோது அவனும் நின்றான். யாரோ “குடிச்சிருக்கான்” என்றார்கள். இல்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான், குளிர்காற்று உள்ளே போனது, மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அதைச் சொல்வது முந்தின வாரத்தைவிடக் கடினமாகிக்கொண்டே போனது.

அந்தச் சாவுக்குப் பிறகு இஸ்ஸாத்தின் வேலை சுத்தமானது. ஒவ்வொரு நட்டையும் பூட்டியபின் மறுபடி தொட்டுப் பார்ப்பான். அளந்ததையே அளப்பான். அவனைப்போல் பொறுப்பானவன் கிடையாது என்று மக்கள் சொல்லச் சொல்ல அவன் சாப்பாடு குறைந்தது. இப்போது ரவ்னா வீட்டுத் திருப்பம் ஆரம்பித்தபின், ஊரில் ஒரே ஒரு வண்டி மட்டும் அந்த இடத்தில் திரும்பாமல் போவதைக் கவனித்து வந்து சொன்னவன் பியேராதான்.

“உன் வண்டி மட்டும் நேராப் போகுதேய்யா. என்ன அளவு வச்சிருக்க? அதே அளவை எனக்கும் வச்சுக் குடு.”

இஸ்ஸாத் அன்று கதவைச் சாத்திக்கொண்டு தன் வண்டியை அளந்தான். பியேராவின் வண்டிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. மறுநாள் அதில் ஏறி, ரவ்னா வீட்டுக்குப் போவது என்று முடிவு பண்ணிக்கொண்டே கிளம்பினான். மரங்களைத் தாண்டியதும் கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்தான். பலகைகள் இடப்பக்கம் திரும்பின, வண்டி திரும்பவில்லை. திரும்பிய பலகைகளோடு பனியைச் சீவிக்கொண்டு நேராக ஏரியில் இறங்கி, ஹெய்க்கா விழுந்த இடுக்குவரை போய், மெல்லிய பனியின் விளிம்பில் நின்று இன்ஜினை அணைத்துக்கொண்டது. கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவன் இறங்கி வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அடுத்த நாளும் போனான். அடுத்த நாளும் அது அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியது. அடிக்கம்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான், ஒரு பலகையை வேண்டுமென்றே கோணலாக்கிப் பார்த்தான். மற்ற இடங்களில் வண்டி குடிகாரன்போல் தள்ளாடியது. அந்த இடத்தில் மட்டும் நேராகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்தபின் அவன் வண்டியை எடுக்காமல் நடந்தான். முழங்கால்வரை பனி. போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறைய ஸ்கூட்டர்கள், சமையலறை நிறைய ஆட்கள். ஆந்தரஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரவ்னா கெட்டிலோடு நின்றாள்.

“நடந்தா வந்த?” என்று கேட்டாள்.

“என் வண்டி இங்க வரமாட்டேங்குது அண்ணி.”

யாரோ சிரித்தார்கள். அவன் கதவருகிலேயே நின்று சொன்னான். வண்டியைத் தொடாமலேயே முடிந்தது என்று சொன்னதைச் சொன்னான், பாட்டில் தன்னுடையது என்பதையும் உள்ளே இருந்தது ஸ்பிரிட் என்பதையும் சொன்னான், எல்லாரும் குடிகாரன் என்றபோது தான் அங்கேயே நின்றதையும் சொன்னான். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை சின்ன விஷயத்தையா இவ்வளவு காலம் சுமந்தோம் என்று அவனுக்கே தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகவும் வெட்கமாக இருந்தது.

ரவ்னா கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

“அவர் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். வண்டிய எடுத்துட்டு நேரா இங்கதான் வந்தார். இதே மேஜைல உக்காந்து காபி குடிச்சார். இஸ்ஸாத்து சரிபண்ணிட்டான், இனி ஒத்தக் கையால ஓட்டலாம்னு சொல்லிட்டுப் போனார். அன்னிக்கு அவர் வாயில என்ன வாசம்னு என்னை ஒருத்தர் கேட்டிருக்கலாம். கேக்கல.”

ஆந்தரஸ் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். குன்வோர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

“ஆனா சரிபண்ணின வண்டி ஏன் தண்ணிக்குப் போச்சுன்னு எனக்குப் புரியல” என்றாள் ரவ்னா. “ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊர் சொல்றதுதான் சரியோன்னு நானும் நினைச்சுட்டேன். அவரைப் பத்தி நானே அப்படி நினைச்சேன் இஸ்ஸாத்து. மத்ததெல்லாம் விடு. அந்த ஒரு நாளுக்கு நீ என்ன பண்ணப்போற?”

அவள் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு பின்பக்கம் போனாள், எல்லோரும் பின்னால் போனார்கள். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் ஏரியிலிருந்து எடுத்த ஸ்கூட்டர் நின்றது. இன்ஜின் துருவேறி இறுகிப் போயிருந்தது, இருக்கையில் பாசி காய்ந்து வெடித்திருந்தது. அது இனி எந்தக் காலத்திலும் ஓடாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“முடிஞ்சதுன்னு சொன்னியே,” என்றாள். “அதை முடி.”

பியேரா தன் வண்டியை ஓட்டிப்போய்ப் பட்டறையிலிருந்து கருவிப்பெட்டியைக் கொண்டுவந்தான். இஸ்ஸாத் பனியில் மண்டியிட்டான். கையுறையோடு நட்டுகளைப் பிடிக்க முடியவில்லை, கழற்றினான். இரும்பு தோலில் ஒட்டியது. பலகை முனைகளை ரப்பர் வாரால் கட்டி அளந்தபோது, அவை உள்பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது, ஹெய்க்கா சொன்ன இழுப்பு அதனால்தான். அடிக்கம்பி தேய்ந்து கத்தி முதுகுபோல் வளைந்திருந்தது. இது அரை நாள் வேலைகூட இல்லை. அதைச் சத்தமாகவே சொன்னான். புதுக் கம்பி போட்டான், ஆப்பு வைத்தான், முன்பக்கத்தை விரித்துப் பூட்டி, மறுபடி அளந்து, மறுபடி பூட்டினான். வெளிச்சம் மங்கும்வரை ஊர் குளிரில் நின்றது. நடுவில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் ஆந்தரஸ் வந்து ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், நட்டை இறுக்க வசதியாக.

“முடிஞ்சது அண்ணி” என்றான் இஸ்ஸாத். கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தான்.

ரவ்னா குனிந்து இரண்டு பலகைகளையும் கையால் தடவிப் பார்த்தாள். “உள்ள போய் எல்லாருக்கும் காபி குடுக்கணும்” என்றாள். அவனுக்கு அன்று கொடுக்கவில்லை. “நீ நாளைக்கு வா” என்றாள். அவன் மறுநாள் நடந்து போனான், அதற்கு மறுநாளும். வசந்தத்தில், கலைமான்கள் குட்டி போடுகிற பருவத்தில் ஒரு நாள் அவன் முன்னால் ஒரு கோப்பை வந்தது. மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை. ஆந்தரஸ் ஜெபக்கூடத்தில் ஹெய்க்காவின் பெயரைச் சொல்லி, தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசினேன் என்றார். போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். சிலர் கொஞ்ச காலம் தங்கள் வண்டிகளைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள், தூரம் அதிகம் என்பதால் திரும்பி வந்தார்கள். இஸ்ஸாத் தன் ஸ்கூட்டரை ஃபின்லாந்து வியாபாரிக்கு விற்றான். அங்கே அது நன்றாக ஓடுவதாகக் கேள்வி. அவன் வேறு வாங்கவில்லை. எல்லா இடத்துக்கும் நடந்தே போனான், எங்கே போனாலும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தான்.

உண்மை வெளியே வந்தால் வண்டிகள் திரும்புவது நின்றுவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. அடுத்த குளிர்காலத்திலும் திரும்பின, அதற்கடுத்த வருஷம் வந்த புது மாடல்களும் திரும்பின. வண்டியை இஸ்ஸாத்திடம் கொண்டுபோனால் அவன் மற்ற இழுப்பையெல்லாம் சரிசெய்து கொடுப்பான், அந்த ஒரு திருப்பத்தைப் பற்றிக் கேட்டால், “அது அப்படித்தான்” என்பான். பாதைக்குக் குச்சி நட நகராட்சியிலிருந்து வந்த ஆள் வரைபடத்தில் ஏரிவரை நேர்கோடு போட்டிருந்தார். ரவ்னா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அழிப்பானைக் கேட்டு வாங்கிக் கோட்டைத் திருத்திக்கொண்டார். இப்போது நகராட்சிப் பாதையே அவள் வாசல் வழியாகத்தான் போகிறது.