பொண்டாட்டிக் காய்ச்சல்

மூன்றாவது சொம்புத் தண்ணீரை ஊற்றப்போன அமீருதீன் மாமாவின் கை பாதியில் நின்றது.

“இன்னாடா இது, தோள்ல?”

குளிப்பாட்டக் கிடத்தியிருந்த மொய்னுதீனின் உயிரற்ற உடம்பில், வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. தம்பியின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த ஷஃபியுல்லா, மறைப்புக்குக் கட்டியிருந்த துணியைப் பார்த்தான்.

“காவடிப் புண்ணு மாமா. கேம்புக்குத் தண்ணி தூக்கினு வருவானில்ல.”

“காய்ச்சலோடயா தூக்கினான்?”

“சேச்சே. அது முன்னாடியே ஆனது.”

அந்த இடத்தில் மட்டும் மாமா தண்ணீரைக் குழந்தைக்கு ஊற்றுவது போல மெதுவாக ஊற்றினார். இத்தனை லேசாக வாயில் பொய் வந்துவிட்டதே என்று ஷஃபியுல்லாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கம்பாக்கத்து மலை உச்சியில் நில அளவைக்காரர்கள் அந்த ஐம்பத்தாறாம் வருஷத்து மார்கழியில் முகாம் போட்டிருந்தார்கள். அதற்கு ஷஃபியுல்லாதான் மேஸ்திரி. பழவேற்காட்டிலிருந்து கிளம்பினால் போய்ச் சேர முழுசாக ஒரு நாள் பிடிக்கும். மேலே ஆறு கூடாரங்களும் பாறையும் காற்றும்தான். பொழுது சாய்ந்தால் காற்று கூடாரக் கயிறுகளைப் பிடித்து உலுக்கும். உப்புக்காற்றில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் சுத்தமாக ஆகாது. குடிக்கிற தண்ணீருக்கு அரை மைல் இறங்கிச் சுனைக்குப் போக வேண்டும். கல்யாணமாகி நாலே மாதம் ஆன தம்பியை, சர்க்கார் வேலை, பின்னால் நிரந்தரமாகும் என்று ஆசை காட்டி அழைத்துப் போனவன் அவன்தான்.

மூன்றாவது வாரம் மொய்னுதீன் வந்து நின்றான். “உடம்பு கொதிக்குதுண்ணே. ஊட்டுக்குப் போயிட்டு ரெண்டு நாள்ல வந்துடறேன்.”

நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். ஷஃபியுல்லா தொடவில்லை. சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டினால் மற்றவர்கள் மதிப்பார்களா என்பதுதான் அப்போது அவனுடைய பெரிய கவலை. கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“இது மலைக் காய்ச்சல் இல்லடா. பொண்டாட்டிக் காய்ச்சல்!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொய்னுதீனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் லீவு கேட்கவே இல்லை. காவடியைத் தூக்கிக்கொண்டு சுனைக்கு இறங்கினான். நாலாம் நாள் காலையில் தண்ணீர் டின்களுக்குப் பக்கத்தில் மூச்சு அடங்கிக் கிடந்தான். கூடாரத் துணியில் தூளி கட்டித்தான் இறக்கினார்கள். கும்மிடிப்பூண்டி வரை மாட்டு வண்டி, அங்கிருந்து ஒரு லாரிக்காரரின் தயவு.

கஃபன் துணி சுற்றி முகம் மட்டும் திறந்திருந்தபோது அம்மா சாலிஹா வந்தாள். சின்னவனை வெகுநேரம் பார்த்துவிட்டு, பெரியவனின் கன்னத்தைத் தடவினாள்.

“நீ கூட இருந்தியேன்னுதான் மனசைத் தேத்திக்கினு கீறேன். இவன் பொண்டாட்டி ஜெய்னம்பும் உள்ள அதயேதான் சொல்லிக்கினு கீது. பெத்த தகப்பன் மாதிரி பாத்துக்கினு இருந்திருப்பாருன்னு.”

அவள் அறைந்திருந்தால்கூடத் தேவலை. ஷஃபியுல்லா தலையை ஆட்டினான். ஆமென்றா, இல்லையென்றா என்பது அவனுக்கே தெரியாது.

தோளில் சுமந்து வந்த ஜனாஸாவைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினார்கள். தொழுகைக்கு முன்னால், இறந்தவர் சார்பில் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் ஊராரிடம் மன்னிப்புக் கேட்பது அங்கே வழக்கம். தகப்பன் இல்லாத வீடு. இமாம் ஷஃபியுல்லாவைப் பார்த்தார். தூளியின் முன்பக்கம் தோள்கொடுத்து மலையிலிருந்து இறங்கிய முகாம் ஆள் சின்னதுரை, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தான்.

“என் தம்பி மொய்னுதீன்,” என்று ஆரம்பித்தான் ஷஃபியுல்லா. “உங்கள்ல யார் மனசாவது நோகப் பேசியிருந்தா, தப்பா நடந்துக்கினு இருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சுடுங்க.”

“மன்னிச்சோம்,” என்றது கூட்டம்.

சின்னதுரைக்கு வழக்கம் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சற்று உரக்கவே கேட்டுவிட்டான்.

“அந்தப் புள்ள யாரை இன்னா சொல்லிச்சு மேஸ்திரி? நாமதானே சொன்னோம்?”

யாரோ அவனை அடக்கினார்கள். இங்கேயே, தம்பியின் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று ஷஃபியுல்லா வாயைத் திறந்தான்.

“மாமா, நான்...”

“இன்னாடா கண்ணு?”

முற்றம் முழுக்க அவனையே பார்த்தது. ஒரு முகத்திலும் சந்தேகம் இல்லை, எல்லாம் இரக்கம்.

“ஒண்ணுமில்ல மாமா.”

“தம்பி மேல அவ்ளோ உசுரு,” என்றார் பின்னால் ஒருவர்.

வரிசை கட்டினார்கள். இமாமுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மற்றத் தொழுகைகளில் குனியலாம், நெற்றியைத் தரையில் வைத்து முகத்தை மறைத்துக்கொள்ளலாம். ஜனாஸா தொழுகையில் அது கிடையாது. தொடக்கத்திலிருந்து கடைசி வரை நின்றபடிதான்.

எதிரே மொய்னுதீன் இருந்தான். இமாம் ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்லும் நாலு தக்பீரும் முடிகிற வரை ஷஃபியுல்லா நின்றுகொண்டிருந்தான்.