மூன்றாவது விசில்

மலை இறங்கி வந்தபோது நான் கக்கூஸில் இருந்தேன். மலை, கக்கூஸ், நான், மூவருமாக நாற்பது அடி போனோம். தாழ்ப்பாள்கூட அசையவில்லை. வந்த வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் சாலையைக் காணோம்.

சாலை இருந்த இடத்தில் சேறு. சேற்றின் நடுவில் இரண்டு மாடி வீட்டளவு பாறை. அதற்கு அந்தப் பக்கம் எண்பது வீடு. அதில் ஒரு வீட்டின் சமையலறைச் சுவர் என் அக்கா மகளின் வலது கால் மேல் விழுந்திருந்தது. அங்கிருந்த நர்ஸ் போனில் சொன்னாள்:

"தொடையில இறுக்கிக் கட்டி ரத்தத்த நிறுத்தியிருக்கேன். நாலு மணிக்குள்ள ஆஸ்பத்திரி போனா ஆள் மிஞ்சும். அதுக்கப்புறம் வண்டி வேண்டாம், குழி தோண்டுங்க."

நடந்து கடக்கலாம் என்று ஒருவன் சேற்றில் இறங்கினான். மார்புவரை போய்விட்டான். கயிறு கட்டி இழுத்ததில் இரண்டு விலா எலும்பு முறிந்து, கால்சட்டை இல்லாமல் வந்து சேர்ந்தான்.

அக்கா மகளுக்கு இரண்டு தம்பிகள். மூத்தவன் பொக்லைன் ஓட்டுகிறவன். இளையவன் பாறைக்கு வெடி வைக்கிறவன். தாய்மாமனான எனக்குச் சாலை வேலையில் சிவப்புக் கொடியும் விசிலும் பொறுப்பு. பதினோரு வருடத்துக்கு முன்னால் இளையவன் வைத்த வெடியில் ஒரு சில்லு பறந்து மூத்தவனின் இடது காதைக் கொண்டுபோய்விட்டது. மலையெல்லாம் தேடினோம், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நாம் பேசுவதெல்லாம் மலைக்குக் கேட்கிறது. பதிலுக்கு மூத்தவன், தம்பியின் பைக் மேல் பொக்லைன் பக்கெட்டை வைத்து அழுத்தித் தகடாக்கினான். அத்தோடு பேச்சு நின்றது. எதுவானாலும் என் வழியாகத்தான்.

"மாமா, அந்தக் காதறுத்தவன்கிட்ட சொல்லுங்க. சங்கிலி போட்டு இழுக்கப் போறேன். வெடி வச்சா மேல தொங்குற மண்ணு மொத்தமும் எறங்கிரும்."

காதறுத்தவன் ஐந்தடி தள்ளி நின்றான்.

"அண்ணன் உன்ன சௌக்கியமான்னு கேக்குறான்" என்றேன்.

"அந்த ஒத்தக்காதுகிட்ட சொல்லுங்க மாமா. இந்தப் பாறையும் அவன மாதிரிதான். இழுத்தா வராது, வெடிச்சாத்தான் வரும்."

"நீ எளச்சிட்டன்னு தம்பி வருத்தப்படுறான்" என்றேன் மூத்தவனிடம்.

ஒன்றே முக்கால் மணிக்குச் சங்கிலி அறுந்தது. சாட்டையாகத் திரும்பி மேஸ்திரியின் தாடையில் பட்டது. நான்கு பல் சேற்றில் விழுந்தன. அதன் பிறகு அவர் யாரையும் ஏவவில்லை. இளையவன் சிரித்தான். மூத்தவன் வண்டியிலிருந்து இறங்கினான்.

இளையவன் கையில் கடப்பாரை இருந்தது. அது அண்ணனின் இடது தோளில் இறங்கியபோது ஈர விறகு முறிகிற சத்தம் கேட்டது. மூத்தவன் மறுகையால் தம்பியின் தலைமுடியைப் பிடித்து முகத்தைப் பக்கெட்டின் பல்லில் அறைந்தான். கன்னம் கிழிந்து கடைவாய்ப்பல் வெளியே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டே ஒருவன் பல்லைக் காட்டியதை அன்றுதான் பார்த்தேன். பிறகு தம்பி அண்ணனின் கட்டைவிரலைக் கடித்தான், அண்ணன் தம்பியின் தொண்டையில் முழங்காலை வைத்தான். விலக்கப் போன மூன்று பேரும் ஆளுக்கொன்று வாங்கித் திரும்பினார்கள். தம்பியின் முகம் நீலமானது. மணி இரண்டு.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். முதல் விசிலுக்கு வேலையை நிறுத்த வேண்டும். இரண்டாவதுக்கு விலக வேண்டும். மூன்றாவது ஊதினால் திரி பற்றிவிட்டது என்று பொருள், யாராயிருந்தாலும் பள்ளத்தில் குப்புறப் படுக்க வேண்டும். இது எலும்பில் ஊறிவிடும். ஒருமுறை கல்யாண வீட்டில் ஒரு குழந்தை விளையாட்டாக மூன்று தடவை ஊத, மாப்பிள்ளையோடு சேர்த்துப் பதினேழு பேர் குப்புற விழுந்தார்கள்.

பொய் விசில் ஊதுவது எங்களுக்குள் கொலைக்குச் சமம். நான் ஊதினேன், மூன்று தடவை.

இருவரும் ஒரே பள்ளத்தில் பாய்ந்தார்கள். தம்பியின் தலைமேல் அண்ணனின் கை இருந்தது. வெடி வெடிக்கவில்லை.

"வெடியே வைக்கலியேடா" என்றான் மூத்தவன். பதினோரு வருடத்தில் முதல் நேர்ப்பேச்சு.

"மாமாவ அப்புறம் கொல்லலாம். அக்காவப் பாரு" என்றான் இளையவன், கன்னத்தின் வழியாக.

மூத்தவனால் இடது கையைத் தூக்க முடியவில்லை. பொக்லைனுக்கு இரண்டு நெம்புகோல், இரண்டு கை வேண்டும். ஆகவே திட்டம் இப்படி ஆயிற்று: மேலே தொங்கும் மண் அசையாதபடி வெடிமருந்தைக் கொஞ்சமாக ஏழு குழிகளில் வைப்பது, சில்லு ஊர்ப்பக்கம் போகாமல் பக்கெட்டைப் பாறைமேல் சாய்த்துப் பிடிப்பது, இடது நெம்புகோலைத் தம்பி பிடிப்பது. அவர்கள் இருவரும் படுக்க முடியாது.

தம்பி திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து வண்டியில் ஏறினான். மூன்றாவது விசிலுக்கு நாங்கள் படுத்தோம். பாறை மூன்றாகப் பிளந்தது. ஒரு சில்லு கண்ணாடியை உடைத்துக்கொண்டு அண்ணனின் மிச்சக் காதைத் தேடி வந்தது. அங்கே தம்பியின் வலது கை இருந்தது. திரி எரிகிறபோதே அண்ணனின் தலையைச் சுற்றிக் கையைப் போட்டுக் காதைப் பொத்தியிருக்கிறான். இரண்டு விரல் போய்விட்டது. காது நின்றது.

துண்டுகளையும் சேற்றையும் பள்ளத்தாக்கில் தள்ளி, அக்கா மகளைப் பக்கெட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். கறுத்துப்போன காலோடு அவள் தம்பிகளைப் பார்த்தாள்.

"யார்டா உங்கள இப்படி அடிச்சது?"

இருவரும் என்னைக் காட்டினார்கள். இனித் தேவைப்படாத வலது செருப்பைக் கழற்றி என்மேல் எறிந்தாள். குறி தப்பவில்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினோம். காலை எடுத்துவிட்டார்கள். ஆள் மிஞ்சினாள். மீதிக் காலால் தம்பிகளை உதைக்கிறாள், முன்பைவிடக் குறி நன்றாக விழுகிறது. அவர்களும் இப்போது ஒருவரையொருவர் நேரடியாகவே திட்டிக்கொள்கிறார்கள். எனக்குத்தான் ஒரு வேலை போயிற்று.

கொடியும் விசிலும் இன்னும் என்னிடம்தான். ஆனால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்றாவதைக் கொடியை ஆட்டிச் சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்கிறார்கள். மலையிடம் ஒரு காது இருக்கிறதே! பதினோரு வருடமாக எங்கள் வேலையைக் கேட்டுக் கேட்டு அதற்கும் வழக்கம் படிந்திருக்கும். மூன்றாவது ஊதினால் அதுவும் குப்புறப் படுத்துவிடும்.