நாற்பத்தொன்பது கட்டை

தையல் மெஷின் ஓடும்போது தையல்காரியின் வாய் சும்மா இருக்காது. ஒரு மெட்டு கூடவே ஓடும். யாரோ போட்ட பாட்டு இல்லை, அவளே கட்டியது. கல்யாணமான புதிதில் அரை வரியாகத் தொடங்கி, மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போவதற்குள் முழுப் பாட்டாக வளர்ந்துவிட்டது. அதை ஒரே ஒரு தடவை வாசித்துக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஆசையைவிடப் பயம் ஒரு படி அதிகம். உள்ளே தேனாக இருப்பது வெளியே வந்ததும் சப்பென்று போய்விட்டால்? அப்புறம் மெஷினில் உட்கார்ந்து எதை முணுமுணுப்பது?

"வாசிச்சாத்தாம்மா தெரியும்" என்று மகள் தன் பழைய லேப்டாப்பை அனுப்பிவிட்டாள். "ஒரு மிடி கீபோர்டு மட்டும் வாங்கிக்கோ, போதும்."

ஆக, இருவரும் கடைக்குப் போனார்கள். இருவர் என்றால் இவளும், இவள் புருஷன் கட்டிங் மாஸ்டரும். மாஸ்டர் கழுத்தில் இன்ச் டேப். மனுஷன் குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார், அதுவும் சந்தேகம்.

கடைக்காரப் பெண் ஒரு கீபோர்டை எடுத்து வைத்தாள். மாஸ்டர் ஒரு கட்டையை அழுத்தினார். சத்தமே இல்லை. பலமாக அழுத்தினார். ம்ஹூம்.

"இது செத்துப்போச்சும்மா, வேற குடு."

"இல்ல சார், இது தனியா சத்தம் போடாது. நீங்க எந்தக் கட்டையை அழுத்துறீங்கன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சத்தம் அங்கேயிருந்துதான் வரும்."

மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினார். "வாயில்லாப் பூச்சியைக் காசு குடுத்து வாங்கணுமா?"

"வீட்டுல வாயுள்ளவ நான் ஒருத்தி போதாதா? சும்மா இருங்க."

முதலில் இருபத்தைந்து கட்டை உள்ள குட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தாள் அந்தப் பெண். பள்ளிக்கூடத்தில் கற்ற கொஞ்சநஞ்சத்தை வைத்துக்கொண்டு தையல்காரி ஏதோ வாசித்தாள். தன் மெட்டை அல்ல, அதை நாலு பேர் நடுவில் அவிழ்த்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. கை மேலே போகப் போக, கட்டை தீர்ந்து, விரல் மேஜையைத் தட்டியது.

"அய்யய்யோ, துணி பத்தலையே!"

"இந்தப் பட்டனைத் தட்டினா மேல்கட்டை வரும்க்கா."

"பாட்டுக்கு நடுவுல பட்டன் வச்சுக்கிட்டா இருக்க முடியும்? அடுத்ததை எடும்மா."

அடுத்தது எண்பத்தெட்டு. அதில் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இதை வைத்தால் நாம் வாசலில்தான் குடியிருக்க வேண்டும் என்றார் மாஸ்டர். அவர் சொன்னதில் தப்பில்லை.

மூன்றாவதாக வந்தது நாற்பத்தொன்பது. தொட்ட உடனே அவளுக்குப் பிடித்துவிட்டது. சில பேரைப் பார்த்ததும் பிடித்துப்போகும், ஏன் எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அந்த மாதிரி. கடைக்காரப் பெண் காலுக்கு ஒரு பெடலும் மாட்டிவிட்டாள். அவ்வளவுதான், வந்தது வினை. வாசித்த சத்தமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கூட்டமாக நின்று கத்த ஆரம்பித்தது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, எதுக்குக் காலை அழுத்திக்கிட்டே இருக்கீங்க?"

"அழுத்தாட்டி எப்படிம்மா ஓடும்?"

கடைக்காரப் பெண் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுத்தினால் சத்தம் நீளும், அவ்வளவுதானாம். தையல்காரிக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கீபோர்டை அளந்துகொண்டிருந்தார்.

"மெஷினுக்குப் பக்கத்துல நிக்காது. நாலு இன்ச் வெளியே தள்ளும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"சரி, என் இஸ்திரிப் பெட்டி இருக்கிற எடத்தையும் எடுத்துக்க. நான் சமையலறையில வச்சுத் தேய்ச்சுக்கிறேன்."

கடை என்றும் பாராமல் அவள் ஒரு குதி குதித்தாள். வயசையும் பார்க்கவில்லை, சுற்றி நிற்பவர்களையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மகள் போனில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. மாஸ்டர் தேய்க்க வேண்டிய சட்டையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அவர் போகட்டும் என்றுதான் அவளும் காத்திருந்தாள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, தன் மெட்டைத் தொட்டாள்.

முதல் வரி வந்தது. அட, வந்துவிட்டதே! இரண்டாவது வரியில் விரல் தடுமாறியது. தடுமாறிய பதற்றத்தில், இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகக் கீழே எதையோ அழுத்தியது. அழுத்தியது தையல் மெஷின் பெடலை. மெஷின் கடகடவென்று ஓடி, ஊசிக்குக் கீழே கிடந்த வாடிக்கையாளர் பேண்ட்டின் ஒரு காலை நுழைய வழியில்லாமல் தைத்து மூடியது.

மாஸ்டர் ஓடி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. போச்சு, பேண்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் எழுந்து நின்றாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட?"

"பிரிச்சுத் தைச்சுடறேங்க, கால் தவறி..."

"பேண்ட்டை விடு! அந்த ரெண்டாவது வரியைச் சொல்றேன். அங்க ஏன் கீழே எறங்குற? அது மேலே போய், கொஞ்சம் நின்னு, அப்புறம்தானே எறங்கும்?"

தொண்டையைச் செருமிக்கொண்டு மாஸ்டர் பாடிக் காட்டினார். குரல் என்னவோ எண்ணெய் காணாத கதவுதான். ஆனால் மெட்டு இம்மி பிசகவில்லை. இரண்டாவது வரி, மூன்றாவது வரி, போன மாதம் அவள் புதிதாகச் சேர்த்த வளைவு, எல்லாம் இருந்தது.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நல்லா கேட்ட போ! இத்தனை வருஷமா அதைக் கேட்டுக்கிட்டுத்தானே துணி வெட்டுறேன். நீ உடம்பு சரியில்லாம படுத்தா எனக்குக் கத்தரியே ஓட மாட்டேங்குது."

இத்தனை காலம் தலைக்குள் ஒளித்து வைத்திருப்பதாக அவள் நினைத்த மெட்டு, அடுத்த மேஜையில் சௌக்கியமாகக் குடியிருந்திருக்கிறது! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, அவளுக்கு மூக்கை உறிஞ்சுவதற்குக்கூடத் தோன்றவில்லை.

"உட்காரு. மறுபடி முதல்லேருந்து வாசி. ஒழுங்கா வாசி."

வாசித்தாள். சத்தத்தைக் கூட்டியே வைத்துக்கொண்டு வாசித்தாள். இரண்டாவது வரி மேலே போய், நின்று, இறங்கியபோது மாஸ்டர் தொடையில் தட்டி, "அதான்!" என்றார்.

"ஏங்க, ஏதோ கருகுற வாசனை வருதே? உங்க சட்டை!"

"கருகட்டும். நீ வாசி."