கருத்தம்மாள் கரண்டி

நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும் என்று எனக்குச் சொன்னவன் ஜேசுதாஸ். போடியில் என் சாக்குக் கடைக்கு அடுத்த கடை அவனுடையது. கருவாட்டுக் கடை. என் சாக்கில் கருவாட்டு வாசம் ஏறுகிறது, அதில் கட்டினால் ஏலக்காயின் மணம் கெடுகிறது என்று வியாபாரிகள் சண்டைக்கு வருவார்கள். "எனக்கு ஒரு வாசமும் வரலையே" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வேன். நண்பனுக்காக மூக்கையே விட்டுக்கொடுத்தவன் நான். அதில் சில வாடிக்கைகளும் கூடவே போயின.

அவன் கடையில் தொங்கும் நாக்கு மீன் கருவாட்டைப் பார்த்தால், செருப்புக் கடைக்குப் போக வேண்டிய சரக்கு வழி தவறி வந்துவிட்டது போல இருக்கும். ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்கியபோது ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு கண்ணும் இருந்தன. மறுபக்கம் வெள்ளையாக, ஒன்றுமே இல்லை.

"என்னடா ஜேசு, செஞ்சவன் பாதியில சாப்பிடப் போயிட்டானா?"

"குஞ்சா இருக்கையில ரெண்டு பக்கமும் கண்ணு இருக்கும் மாப்ளே. வளர வளர ஒரு கண்ணு தலையச் சுத்தி இந்தப் பக்கம் வந்துரும். அப்புறம் மணல்ல ஒட்டிப் படுத்துக்கும். மேல நடக்குறது அம்புட்டும் தெரியும். கீழ என்ன நடக்குதுன்னு தெரியாது."

அந்த மீன் மேல் எனக்கு அப்போதே ஒரு பாசம் வந்துவிட்டது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

நான் அதுவரை கடலைப் பார்த்தவனில்லை. ஜேசுதாஸ் தூத்துக்குடியில் பிறந்தவன். அங்கே உப்பங்கழி ஓரமாக அவன் தாய்மாமனுக்கு ஒரு வள்ளம் இருந்தது. "ஏலக்கா சீசன் முடியட்டும் மாப்ளே. மாசியில ரெண்டு பேரும் போறோம். நாக்கு மீன உசுரோட தூக்கி உன் கையில குடுக்குறேன்" என்றான். மழை நிற்கிறவரை ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னானோ என்னவோ. நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் முழுக்க எங்களுக்கு அதுதான் சோலி. கடலிலிருந்து எத்தனையோ மலையும் மேடும் தாண்டி இருக்கும் ஊரில், இரண்டு வளர்ந்த ஆண்பிள்ளைகள் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, நாக்கு மீனுக்கு எந்தத் தூண்டில் சரி என்று சண்டை போட்டோம். அதற்கு வாய் சின்னது, அதுவும் கோணல். பெரிய முள் போட்டால் இரையை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆகவே சின்ன முள், நீளக் காம்பு. ஈயக்குண்டைத் தூண்டில் நரம்போடு இறுக்கிக் கட்டக் கூடாது. நடுவில் துளை போட்டு ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் கவ்வின மீனுக்குக் கனம் தெரிந்து துப்பிவிடும். இதெல்லாம் ஜேசுதாஸ் சொன்னது.

என்னுடையது ஒன்றே ஒன்று. அவன் மாமா முள்ளுக்கு மேலே ஒரு சிப்பித் துண்டைக் கட்டுவாராம். அது மணலில் உரசிப் புழுதி கிளப்பும். வேறு எதுவோ இரை கிண்டுகிறது என்று நாக்கு மீன் பார்க்க வரும். சிப்பியை விடக் கரண்டி நன்றாக மினுங்குமே, குழிவாக இருப்பதால் புழுதியும் அதிகம் கிளம்புமே என்று எனக்குத் தோன்றியது.

"மாமா கேட்டா சிரிப்பாரு மாப்ளே. அதுக்கென்ன பாயசமா ஊட்டப் போறம்?"

"சிரிக்கட்டும்டா. மீனு சிரிக்குதான்னு பாப்போம்."

முதலில் ஒரு பெயிண்ட் டப்பா மூடியை வெட்டிக் கட்டி, கொட்டகுடி ஆற்றில் வீசிப் பழகினேன். கணுக்கால் தண்ணீர். முதல் நாள் ஒரு நண்டு வந்தது. இரண்டாம் முறை, துவைத்துக் காயப்போட்டிருந்த ஒருவருடைய வேட்டி வந்தது; பின்னாலேயே அவரும் வந்தார். டீக்கடை மலைச்சாமி பாலத்தில் நின்று கூப்பிடுவான்: "அண்ணே, கப்பல் எத்தன மணிக்கு வருது?"

அசல் கரண்டியைக் கடைசியாகத்தான் செய்தேன். எங்கள் கல்யாணத்துக்கு ராசிங்காபுரத்துக் கருத்தம்மாள் சித்தி ஒரு எவர்சில்வர் கரண்டி கொடுத்திருந்தாள். ஒற்றைக் கரண்டி. ஆனால் பெயர் வெட்டாமல் கொடுப்பாளா? குழியின் முதுகில் 'கருத்தம்மாள்', காம்பில் 'அன்பளிப்பு'. நான் காம்பை அறுத்தபோது அன்பளிப்பு வீட்டோடு தங்கிவிட்டது. கருத்தம்மாள் மீன் பிடிக்கக் கிளம்பினாள். இரண்டு துளை போட்டு, சாக்குத் தைக்கிற புதுச் சணலை முறுக்கி, மேலும் கீழும் என் தொழில் முடிச்சைப் போட்டேன். பொன்னுமணியின் அறுந்த பாசியிலிருந்து சிவப்பு மணிகள் இரண்டு கோத்தேன்.

பொன்னுமணி என் வீட்டுக்காரி. பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கரண்டி போச்சு, பாசி போச்சு. மீனு தாலியக் கேட்டா சொல்லுங்க."

அந்தக் கரண்டியை நான் ஆற்றில் நனைக்கவே இல்லை. கடலில்தான் முதல்முதலாக இறங்க வேண்டும் என்று, தீபாவளி வேட்டி போல மடித்து வைத்திருந்தேன். வீட்டில் வைத்தால் தொலையும் என்று எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு ஜேசுதாஸ் கடையில் வைத்தோம். அந்த மீன் என் கரண்டியைப் பார்க்க வருமா வராதா? என் வாழ்க்கையில் எனக்கென்று தோன்றின ஒரே யோசனை அது. மற்றதெல்லாம் அப்பா விட்டுப்போன சாக்கு.

மாசி வந்தது. சனிக்கிழமை காலை மதுரை பஸ்சுக்குக் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜேசுதாஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"மாப்ளே, தேவாரத்துல மாமியாவுக்கு நெஞ்சு வலியாம். இப்பமே கெளம்புறேன். கடல் எங்க போயிரப் போகுது?"

"போடா, வெரசா போ. என்னயப் பத்தி யோசிக்காத" என்று நானே அவனை அனுப்பிவைத்தேன். தோளைத் தட்டி வேறு கொடுத்தேன். அவன் கண் கலங்கியது. மாமியாரை நினைத்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மனது கேட்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு தேவாரம் பஸ்சில் ஏறினேன். ஜேசுதாஸின் மாமியார் ஜெயபாக்கியம் வீடு மலையடியில், தோட்டத்தோடு சேர்ந்தது. வீட்டில் யாரும் இல்லை. தோட்டத்திலிருந்து வசவு கேட்டது. யானை இறங்கி வாழையை மிதித்துவிட்டுப் போயிருந்தது. ஜெயபாக்கியம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, முழு வாழைமரம் ஒன்றைத் தோளில் தூக்கி வரப்புக்கு அப்பால் வீசினாள். நான் ஹார்லிக்ஸை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"யாரு, சாக்குக்கடைத் தம்பியா? என்னப்பு இம்புட்டுத் தூரம்?"

"ஒடம்பு சொகமில்லன்னு சொன்னாக ஆத்தா. நெஞ்சு வலின்னு."

"எனக்கா? ஆன வந்து நின்னப்பவே எனக்கு வலி வரல. எந்த நாசமாப் போறவன் சொன்னது?"

"பஸ் ஸ்டாண்டுல யாரோ சொன்னாக" என்றேன். ஜேசுதாஸ் என்று வாயில் வரவில்லை.

"மருமகனக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே. ஆமா, அவருதான் ஊருல இல்லையே! வெள்ளைத்துரை மொதலாளி ஜீப்புல தூத்துக்குடிக்கு மீன் பிடிக்கப் போயிருக்காராம். எம் மக சாந்தி வந்து சொன்னா. ஏன், உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னான், சொன்னான்."

ஹார்லிக்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். நோயாளிக்கு வாங்கினதை இத்தனை தெம்பான ஆளுக்கு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். திரும்பும் பஸ்சில் எனக்குத்தான் நெஞ்சு வலித்தது.

வெள்ளைத்துரைக்குப் போடிமெட்டுக்கு மேலே பெரிய ஏலத்தோட்டம். அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் கருவாடு போவது ஜேசுதாஸ் கடையிலிருந்து. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் கடைக்கு வந்தபோது பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்து, "அட, இது என்னடா?" என்று கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. நான் பக்கத்தில்தான் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். பெருமையாக வேறு இருந்தது.

திங்கட்கிழமை மலைச்சாமி டீக்கடை முன்னால் ஜீப்பு நின்றது. வெள்ளைத்துரை பானெட்டில் சாய்ந்து கை இரண்டையும் விரித்து மீனின் நீளம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அளவுக்கு நாக்கு மீன் இருந்தால் அதில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். பக்கத்தில் ஜேசுதாஸ் டீ கிளாஸோடு நின்றான். என்னைப் பார்த்ததும் டீக்குள்ளே எதையோ தேட ஆரம்பித்தான்.

"வா தங்கப்பாண்டி, இதப் பாரு" என்றார் வெள்ளைத்துரை. சட்டைப்பையிலிருந்து எடுத்தது என் கரண்டி. "நாக்கு மீனுக்குன்னே செய்யிறாங்களாம். நம்ம ஜேசு அவன் மாமா மூலமா வரவழச்சிருக்கான். போட்டதும் வந்து ஒட்டுது! கம்பெனிப் பேரு வெட்டியிருக்கு பாரு. கருத்தம்மாள்."

கையில் வாங்கினேன். சிவப்பு மணி இரண்டும் இருந்தன. சணல் நான் கட்டினபோது இருந்த அதே பொன் நிறத்தில், அதே முறுக்கோடு இருந்தது. சணலைப் பற்றி மட்டும் என்னிடம் யாரும் கதைவிட முடியாது. தண்ணீர் பட்டால் ஊதிக் கறுத்துவிடும். உப்புத்தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். கரண்டியின் முதுகில் மணல் உரசின கீறல் ஒன்றுகூட இல்லை. கருத்தம்மாள் கடலுக்குப் போய், கால் நனைக்காமல் திரும்பியிருந்தாள். அவர்கள் கொண்டுவந்த மீன் எந்த மார்க்கெட்டில் ஒட்டியதோ.

மலைச்சாமி எட்டிப் பார்த்தான். "கருத்தம்மாள் கம்பெனி எந்த ஊருண்ணே?"

ராசிங்காபுரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜேசுதாஸ் இப்போது நேராக என்னைப் பார்த்தான். அந்த முகத்துக்குப் பின்னால் அவன் வீட்டுக்காரி சாந்தகுமாரி முகமும் தெரிந்தது. எஸ்டேட் கருவாடு போனால் அந்தக் கடையில் மிஞ்சுவது வாசம் மட்டும்தான். இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாய்க்கு அப்படியே பழகிவிட்டது, அவ்வளவுதான்.

"நல்ல கம்பெனி மொதலாளி" என்றேன். "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு."

"இருந்துச்சா? இப்ப இல்லையா?"

"காம்பு மட்டும் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே கரண்டியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஜேசுதாஸ் என் கடைக்கு வந்தான். கையில் வாழை இலைப் பொட்டலம், அதிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது.

"உனக்குன்னு கொண்டாந்தேன் மாப்ளே."

நான் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அவரு கேட்டாரு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? நீயே சொல்லு."

"என்னயும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"ஜீப்புல எடம் இல்ல மாப்ளே."

போடிமெட்டு ஏறுகிற ஜீப்பில் ஆட்களை ஏற்றிவிட்டு, மேலே மூட்டை, மூட்டைக்கு மேலே மறுபடி ஆட்களை ஏற்றுவார்கள். அந்த ஜீப்பில்தான் இடம் இல்லை. நானே சிரித்துவிட்டேன். அவனுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. கோபத்தை எங்கேயாவது வைத்துவிட்டுக் கை கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"ஜேசு, மீனு எதுல சிக்குச்சு?"

கரண்டியைத் தண்ணீரில் போடவே இல்லை மாப்ளே, முதலாளிக்கு வெயில் தாங்கவில்லை, மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு வந்தோம் என்று சொல்லியிருந்தால் போதும். மன்னிப்பைக் கட்டி, தைத்து, லோடு ஏற்றத் தயாராக வைத்திருந்தேன்.

"உன் கரண்டியிலதான் மாப்ளே!" என்றான் அவன். "சத்தியமா. எறக்குனதும் புழுதி கெளம்புச்சு பாரு, அதப் பாக்க ஓடி வந்துச்சு. நீ சொன்ன மாதிரியே. உன்னயத்தான் நெனச்சேன்."

எந்தச் செய்தியைக் கேட்க ஒரு வருஷம் காத்திருந்தேனோ அதையே, நான் கேட்க விரும்பின வார்த்தைகளில், என் நண்பன் சொன்னான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். பிரித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணும் மேலே பார்த்தபடி நாக்கு மீன் கிடந்தது. கீழே ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

பொன்னுமணி அதைக் குழம்பு வைத்தாள். ருசியாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒரு ஏலக்காய் வியாபாரி வந்தார். அடுத்த கடையில் ஜேசுதாஸ் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். வியாபாரி ஒரு சாக்கை உதறி, முகத்தருகே கொண்டுபோய், வழக்கம்போலச் சுளித்தார்.

"என்னய்யா, கருவாட்டு வாசம் அடிக்குதே?"

அடுத்த கடையில் தராசுச் சத்தம் நின்றது. அவன் என் பதிலுக்குக் காத்திருந்தான். அந்தப் பதில் அவனுக்கு மனப்பாடம்.

நான் சாக்கை வாங்கி முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக.

"ஆமாங்க" என்றேன். "அடிக்குது."